இடாப்பில் கிடக்கும் ஊர்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பாடநூல், பாடசாலை இடாப்பு (பதிவேடு), ரெயில் நேர அட்டவணை, கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்தின் கடதாசி பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். இவற்றில் எதுவும் வரலாறாக எழுதப்பட்டதல்ல. பிள்ளைக்குப் படிப்பிக்கவும் வண்டியை நேரத்துக்கு விடவும் பணத்துக்குக் கணக்குக் காட்டவும் எழுதப்பட்டவை. அந்த நோக்கத்தை மறக்காமல் வாசித்தால், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தானாகத் தெரியும்.

அட்டையும் முதல் சில பக்கங்களும் போன புவியியற் பாடநூல் ஒன்று வீட்டில் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகம் பற்றி ஒரு பாடமே உண்டு. எந்த ஆண்டு நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், உவர்மலை

முதலில் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். இலங்கை அரசாங்க அச்சகத்தில் அச்சான நூலாக இருந்தால் மிகச் சிறிய எழுத்தில் ஓர் இலக்கத் தொடர் இருக்கும். அதன் முடிவில் அடைப்புக்குள் 9/63 என்று வந்தால் 1963 செப்டெம்பரில் அச்சானது என்று கொள்ளலாம். அதற்கு முன்னால் காற்புள்ளியோடு வரும் எண் வழக்கமாக அச்சிட்ட பிரதிகளின் தொகை. பலர் இதை அச்சகத்தாரின் ஏதோ குறி என்று விட்டுவிடுகிறார்கள். நூலின் பிறப்புச் சான்றிதழே அதுதான்.

அந்தப் பக்கமும் இல்லையென்றால் உள்ளடக்கத்தைக் கொண்டு இரு பக்கமும் வேலி போட வேண்டும். துறைமுகப் பாடத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இன்னும் இயங்குவதாக எழுதியிருந்தால், அந்த வசனம் 1957 ஒக்டோபருக்கு முந்தியது. தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது அப்போதுதான். தேசப்படத்தில் மட்டக்களப்பு மாவட்டம் தெற்கே பொத்துவில் வரை ஒரே நிறத்தில் நீண்டிருந்தால் 1961க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் அம்பாறை தனி மாவட்டமானது. திருகோணமலைக்கு ரெயில் பாதை போட்டிருந்தால் 1927க்குப் பிந்தியது. ஆங்கில நூலாயின் ‘சிலோன்’ போய் ‘ஸ்ரீ லங்கா’ வந்தது 1972 மே 22க்குப் பிறகு என்று சொல்லிவிடலாம். தமிழ் நூலில் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் நமக்கு அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை. தமிழில் ‘குடியரசு’ என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள்.

வெளியிட்டவர் பெயர் ஏதாவது மூலையில் தப்பியிருந்தால் அதுவும் உதவும். ‘அரசகரும மொழித் திணைக்கள வெளியீட்டுப் பிரிவு’ என்றால் பெரும்பாலும் 1950களின் பிற்பகுதியோ 60களோ. ‘கல்வி வெளியீட்டுத் திணைக்களம்’ என்றால் அதற்குப் பின். விலை அச்சிட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். அரசின் இலவசப் பாடநூல் திட்டம் 1980இல் தொடங்கியது, ஆகவே விலை போட்ட பாடநூல் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

எழுத்து வடிவத்தை வைத்து ஆண்டு சொல்பவர்கள் இருக்கிறார்கள். லை, னை, ளை, ணை ஆகியவற்றில் துதிக்கை போல வளைந்த கொம்பு இருந்தால் 1978க்கு முந்தியது என்பார்கள். 1978 என்பது தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய ஆண்டு. இங்குள்ள அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகள் தேயும் வரை பழைய வடிவத்திலேயே கோத்தன. ஆகவே இலங்கை நூலுக்கு அது துணைச் சான்று மட்டுந்தான்.

ஓர் எச்சரிக்கை. பாடநூலின் உள்ளடக்கம் எப்போதும் அச்சு ஆண்டுக்குப் பின்தங்கியே நிற்கும். பழைய அச்சுக் கட்டையையே திரும்பத் திரும்பப் பாவித்ததால் 1961இல் மாறிய மாவட்ட எல்லை சில மறுபதிப்புகளில் பல ஆண்டு மாறாமல் கிடந்திருக்கும். ‘இந்த ஆண்டுக்குப் பிந்தியது’ என்று காட்டும் சான்றே உறுதியானது. ‘முந்தியது’ என்று காட்டும் சான்று பலவீனமானது. ஒரே நூலில் இரண்டும் முட்டிக்கொண்டால் பிந்திய ஆண்டையே எடுங்கள். நூலின் ஓரங்களில் பிள்ளைகள் எழுதிய பெயரும் வகுப்பும் ஆண்டும் இருந்தால் அழிக்காதீர்கள், மட்டை போட்டு மறைக்காதீர்கள். அந்த நூல் எந்தப் பாடசாலையில் எத்தனை கை மாறியது என்பதற்கு வேறு பதிவு எங்கும் கிடையாது.

எங்கள் பாடசாலையின் 1968ஆம் ஆண்டு வரவு இடாப்பில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்ததாகவும் புதன்கிழமை விடுமுறை என்றும் இருக்கிறது. எழுதிய ஆசிரியர் கிழமையைப் பிழையாகப் போட்டுவிட்டாரா?
– ஆசிரியை, நிலாவெளி

பிழை இல்லை. தயவுசெய்து யாரும் சிவப்பு மையால் திருத்திவிட வேண்டாம்.

1966 தொடக்கத்திலிருந்து 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறையே இருக்கவில்லை. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பூரணை, தேய்பிறை அட்டமி என்று மாதத்தில் நான்கு போயா, அதாவது பௌத்தரின் நோன்பு நாள். போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் வார இறுதி. அரச கந்தோர், பாடசாலை, வங்கி எல்லாம் இந்தக் கணக்கில் நடந்தன. சந்திர மாதம் ஏறத்தாழ 29½ நாள். அதை நான்காகப் பிரித்தால் ஒரு ‘வாரம்’ ஏழு நாளும் கொஞ்சமும். ஆகவே சில வாரத்தில் ஐந்து வேலை நாள், சில வாரத்தில் ஆறு. பாட நேரசூசியிலும் இதன் தடம் தெரியும். ‘திங்கள், செவ்வாய்’ என்று எழுதாமல் ‘முதலாம் நாள், இரண்டாம் நாள்’ என்று போட்ட நேரசூசி கையில் கிடைத்தால் அது இந்தக் காலத்ததா என்று முதலில் பாருங்கள்.

சரிபார்ப்பது எளிது. அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் ஒன்றை எடுத்து, பூரணை, அமாவாசைத் திகதிகளை இடாப்பின் விடுமுறைகளுடன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் முன்பின் வந்தால் கலங்க வேண்டாம். திதி ஒரு நாளின் நடுவில் தொடங்கி மறுநாள் நடுவில் முடிவதால், பஞ்சாங்கமும் அரச நாட்காட்டியும் வெவ்வேறு நாளைப் போயாவாகக் கொள்ள இடமுண்டு.

இந்த ஆறாண்டுக் கால ஆவணத்தில் ‘ஞாயிறு சந்தை’, ‘சனிக்கிழமை வண்டி’ என்று வந்தால் இன்றைய பொருளில் எடுக்காதீர்கள். பேருந்து, ரெயில் அட்டவணைகளும் வார நாள், போயா நாள் என்றே பிரிந்தன. கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை இடாப்பில் இன்னொரு அடையாளமும் உண்டு. நோன்பு கால விடுமுறை ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முந்தி வரும். ஆண்டுப் பக்கம் கிழிந்துபோன இடாப்பின் காலத்தை அந்த விடுமுறை எந்த மாதத்தில் விழுகிறது என்பதைக் கொண்டே நெருங்கிவிடலாம். 33 ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுகள் பொருந்தும். அதில் ஒன்றைத் தெரிவு செய்ய வேறு சான்று வேண்டும்.

1943ஆம் ஆண்டு ரெயில் நேர அட்டவணை ஒன்றும், அதே ஆண்டு ஒருவர் எழுதிய நாட்குறிப்பும் கைவசம் உண்டு. விடியும் நேரம், இருட்டும் நேரம் எல்லாம் இன்றைக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி நிற்கிறது. ஏன்?
– வாசகர், தம்பலகாமம்

மணிக்கூடுதான் தள்ளி நின்றது. போர்க் காலத்தில் 1942 ஜனவரி 5இல் இலங்கை நேரம் அரை மணி முன்னகர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இன்னும் அரை மணி. 1945 ஒக்டோபர் 16இல்தான் பழைய நேரத்துக்கு வந்தது. ஆகவே 1943இல் மணி ஏழு என்றால் இன்றைய கணக்கில் ஆறு.

ஆவணத்தில் வரும் மணியை இன்றைய மணியோடு ஒப்பிடும் எவரும் சில திகதிகளைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். 1906 ஜனவரி 1க்கு முன் இலங்கை மணிக்கூடுகள் இன்றைய நேரத்துக்குப் பத்தரை நிமிடம் பிந்தி ஓடின. அன்றுதான் கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன் என்பது வந்தது. அடுத்தது மேலே சொன்ன போர்க்கால மாற்றம். பின்னர் 1996 மே 25இல் ஒரு மணி முன்னே, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே, 2006 ஏப்ரல் 15இல் மிச்ச அரை மணியும் பின்னே. 1996க்கும் 2006க்கும் இடையில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே பாவனையில் இருந்தது. அதனால் அந்தப் பத்தாண்டில் திருகோணமலை நகரத்தில் எழுதிய கடிதமும் மூதூர் கிழக்கில் எழுதிய கடிதமும் ஒரே நிகழ்வுக்கு அரை மணி வேறுபட்ட நேரம் சொல்லக்கூடும். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானத் தாக்குதல் பற்றி எழுதுபவர்கள் இங்குதான் அதிகம் சறுக்குகிறார்கள். அன்று இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி முன். யப்பானியக் கடற்படை தோக்கியோ நேரத்தில், அதாவது 9 மணி முன் என்ற கணக்கில், பதிவு வைத்தது. இரண்டு பக்கத்துப் பதிவையும் திருப்பாமல் ஒரே பந்தியில் எழுதினால் மூன்று மணி இடைவெளி வந்து, ஒரு தாக்குதல் இரண்டாகிவிடும்.

ரெயில் அட்டவணையைப் பொறுத்தவரை, கையிலிருப்பது பொதுமக்களுக்கு விற்றதா, ஊழியருக்குக் கொடுத்ததா என்று பாருங்கள். பொது அட்டவணையில் பயணி ஏறி இறங்கும் இடமும் நேரமும் மட்டுமே. ஊழியர் அட்டவணையில் எந்த வண்டி எந்த ஸ்ரேசனில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் வரும். கல்லோயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக வருவது ஒற்றைப் பாதை. எதிர்வண்டி கடக்க இரட்டைத் தண்டவாளம் எந்த ஸ்ரேசனில் இருந்தது என்பதைக் கொண்டு அந்த ஊர் அன்று எவ்வளவு முக்கியமானது என்று அறியலாம். அட்டவணை என்பது ஓட வேண்டிய நேரமே தவிர ஓடிய நேரம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ஓடிய நேரம் வேண்டுமானால் ஸ்ரேசன் மாஸ்டரின் வண்டிப் பதிவேட்டையோ அன்றைய பத்திரிகையையோ நாட வேண்டும்.

பழைய நூலில் ‘கிண்ணியாவுக்குப் பாதையிற் செல்லலாம்’ என்று இருக்கிறது. தெரு என்று எடுக்கலாமா?
– மாணவர், சீனன்குடா

கூடாது. இங்கே பாதை என்பது ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவை. ஆளும் மாடும் வண்டியும் அதில் ஏறிப் போயின. 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும் வரை அந்தப் பாதைதான். மட்டக்களப்பு வீதி பற்றிய பழைய பாடங்களில் ‘பாதை’ என்ற சொல் வரும் இடமெல்லாம் தேசப்படத்தில் நீர் குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். தெருவுக்கு அவர்கள் ‘றோட்டு’, ‘தெரு’, ‘வீதி’ என்றே எழுதினார்கள்.

எங்கள் கிராமப் பாடசாலை 1890 அளவில் தொடங்கியதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆண்டு விழா மலருக்கு உறுதியான ஆதாரம் வேண்டும். எங்கே தேடுவது?
– பழைய மாணவர் சங்கத்தார், குச்சவெளி

பாடசாலை அலுமாரியில் தொடங்குங்கள். மாணவர் சேர்வு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், வரவு இடாப்பு, விடுகைப் பத்திர அடிக்கட்டை ஆகிய நான்கையும் கேளுங்கள். இவற்றில் சம்பவத் திரட்டுத்தான் பொன். பரிசோதகர் வந்தது, கூரை போனது, காய்ச்சலால் பாடசாலை மூடியது, ஆசிரியர் இடமாறியது எல்லாம் திகதியோடு அதில் இருக்கும். ஒன்று கவனம்: பெரிய அனர்த்தங்கள் சில விடுமுறையில் விழுந்தன. 1964 டிசம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும் அப்படித்தான். அந்தத் திகதியில் பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்டு ‘பாதிப்பில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ஜனவரியில் பாடசாலை திறந்த நாளின் குறிப்பைப் புரட்டுங்கள்.

உதவி நன்கொடை பெற்ற தனியார், மிஷன், சைவப் பாடசாலைகளை அரசு 1960, 61இல் பொறுப்பேற்றது. அந்தக் கைமாற்றத்தில் முகாமையாளரிடம் இருந்த கோவைகள் பல பாடசாலைக்கு வரவில்லை. திருச்சபையிடமோ கோயில் சபையிடமோ முகாமையாளரின் குடும்பத்திடமோ தங்கிவிட்டன. ஆகவே 1960க்கு முந்தியதைப் பாடசாலையில் காணாவிட்டால் அழிந்துபோனது என்று முடிவுகட்டாமல், அன்று நிருவகித்தவர்களின் கைக்குப் போங்கள்.

அடுத்தது கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். அங்கே கேட்க வேண்டியது ஆண்டு நிருவாக அறிக்கைகள். அரசு 1869இல் பொதுக் கல்வித் திணைக்களத்தை அமைத்தது. அதன் பணிப்பாளரின் அறிக்கையோடு உதவி நன்கொடைப் பாடசாலைகளின் பட்டியல் வரும். ஊர், முகாமையாளர், பிள்ளைகளின் தொகை, கொடுத்த பணம் எல்லாம் வரிசையாக இருக்கும். அதே தொகுதியில் திருகோணமலை உதவி அரசாங்க அதிபரின் அறிக்கையும் உண்டு. மழை, விளைச்சல், காய்ச்சல், தெரு, குளம் என்று அந்த ஆண்டின் ஊர் நிலை அதில் தெரியும்.

இந்தப் பட்டியலை வாசிக்கையில் இரண்டு இடத்தில் தவறு நேரும். ஒரு பாடசாலை முதலில் நடந்து காட்டி, பரிசோதகர் பார்த்து, அதன் பிறகே நன்கொடைக்குப் பதிவாகும். பட்டியலில் முதன்முதல் வரும் ஆண்டு தொடக்க ஆண்டு அல்ல. 1890 என்று பெரியவர்கள் சொல்ல, பட்டியலில் 1896 என்று வந்தால் இரண்டும் ஒத்தே போகிறது. மலரில் ‘1896க்கு முன்’ என்று எழுதுங்கள், பெரியவர்களின் சொல்லையும் அவர்கள் சொன்னதாகவே தனியாகப் பதியுங்கள். இரண்டாவது, பணம் பரீட்சைப் பெறுபேற்றையும் வரவையும் பொறுத்துக் கொடுபட்டது. அதனால் பிள்ளைகளின் தொகையைக் கூட்டிக் காட்ட ஒரு காரணம் இருந்தது. 1871, 1881, 1891, 1901 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிசன மதிப்பில் அந்த ஊரின் சனத்தொகையைப் பக்கத்தில் வையுங்கள். நூறு பேர் உள்ள ஊரில் எண்பது பிள்ளை என்றால் அந்தத் தொகையை அப்படியே அச்சேற்ற வேண்டாம்.

அரச பாடசாலை, வலயக் கல்வி அலுவலகம் ஆகியவற்றில் இருப்பதைப் பார்க்க வாய்மொழியாகக் கேட்டுப் பலிக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். ‘பழைய ஆவணம் எல்லாம்’ என்று கேட்டால் பதில் வராது. ‘1935 முதல் 1945 வரையான சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பார்வையிடவும் படமெடுக்கவும்’ என்று ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள்.

சேர்வு இடாப்பில் தகப்பன் தொழில், சமயம் முதலியன இருக்கும். சில பழைய இடாப்பில் சாதியும் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படமாக மலரில் போடவே கூடாது. தொகுத்த எண்ணிக்கை போதும். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் வாழ்கிறார்கள்.

ஆங்கில ஆவணங்களிலும் இணையத்திலும் தேடினால் எங்கள் ஊர் வருவதே இல்லை.
– வாசகி, தம்பலகாமம்

உங்கள் ஊர் ‘தம்பிளகம்’ என்ற ஓசையில் எழுதப்பட்டிருக்கும். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஊருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டு உண்டு. கொட்டியாரத்தை ஆங்கில ‘சீ’ எழுத்திலும் ‘கே’ எழுத்திலும் தேடுங்கள். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு இருந்த ரொபட் நொக்ஸ் பற்றிய குறிப்புகள் ‘சீ’யில்தான் அகப்படும். கந்தளாய்க்கும் அப்படியே. திருகோணமலைக்குக் கடைசியில் இரட்டை ‘ஈ’, ஒற்றை ‘ஈ’, ‘ஐ’யும் ‘ஈ’யும் சேர்ந்தது என்று மூன்றையும், நடுவில் ஒரு ‘நோ’ கூடிய ஒல்லாந்த வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். அச்சிட்ட நூலாக இருந்தால் பின்னாலுள்ள சொல்லடைவை நம்பாமல் கிழக்கு மாகாண அதிகாரத்தை முழுதாக வாசிப்பதே விரைவு.

தமிழிலும் ‘திருகோணமலை’, ‘திருக்கோணமலை’ இரண்டையும் தேட வேண்டும். பழைய அச்சை இயந்திரம் எழுத்துணரும்போது துதிக்கைக் கொம்பு ‘லை’யையும் ‘னை’யையும் பிழையாக எடுக்கும். ‘மலை’ என்ற பகுதியே தொலைந்துவிடும். ஆகவே ‘கோண’ என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

தாத்தாவின் காணி உறுதியில் ‘இறைசால் 75’ என்றும், ஒரு சிட்டையில் ‘தாது வருஷம் தை மாதம்’ என்றும் உள்ளது.
– வாசகர், மூதூர்

இறைசால் என்பது ரூபாவுக்கு முன் வழங்கிய நாணயம் (ஆங்கிலத்தில் ரிக்ஸ்டொலர்); 1825இல் 1 சிலிங் 6 பென்ஸ் என்று நிலைப்படுத்தப்பட்டது. எழுபத்தைந்து இறைசால் 5 பவுண் 12 சிலிங் 6 பென்ஸ். ரூபா வந்தபின் அதை 2 சிலிங்காகக் கொண்டு ஓர் இறைசாலை 75 சதமாக எண்ணினார்கள். அந்தக் கணக்கில் 56 ரூபா 25 சதம்.

தமிழாண்டு அறுபதின் சுற்று பிரபவவில் தொடங்கும். 1867, 1927, 1987 மூன்றும் பிரபவ. தாது பத்தாவது, ஆகவே 1876 அல்லது 1936. தைமாதம் என்பதால் ஒன்று கூட்டி 1877 அல்லது 1937 ஜனவரி நடுவுக்கும் பெப்ரவரி நடுவுக்கும் இடைப்பட்ட காலம். சித்திரையில் ஆண்டு மாறுவதை மறந்து ஓராண்டு குறைத்து எழுதுவதுதான் எல்லாரும் விடும் பிழை. சிட்டையில் சதக் கணக்கு இருந்தாலும் அது இரண்டு ஆண்டுக்கும் பொருந்தும். கையெழுத்திட்ட விதானையாரின் (ஊர்த் தலைவரின்) பெயரைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும்.

மாரியில் கூரை ஒழுகி ஒரு பெட்டிப் புத்தகமும் இடாப்பும் நனைந்துவிட்டன. வெயிலில் காயவிடலாமா? பூச்சிக்கு என்ன செய்வது?
– நூலகப் பொறுப்பாளர், சாம்பல்தீவு

வெயில் வேண்டாம். கடதாசி ஒரு பக்கம் மட்டும் சுருங்கி அலையலையாகும், மையும் வெளிறும். ஆனால் நேரமும் இல்லை. நம் மாரிகாலப் புழுக்கத்தில் நனைந்த கடதாசியில் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

சொட்டச் சொட்ட நனைந்த புத்தகத்தை விரிக்காதீர்கள், முதுகு விட்டுவிடும். மூடியபடியே ஒரு பலகையில் சாய்த்து நீர் வடியவிடுங்கள். வடிந்தபின் நிமிர்த்தி, விசிறி போல இலேசாகத் திறந்து நிறுத்துங்கள். இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைக் கடதாசியை இடையில் வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். மின்விசிறியைச் சுவரை நோக்கித் திருப்பி அறைக் காற்றைச் சுழலவிடுங்கள், நேராகப் புத்தகத்தில் அடிக்கக் கூடாது. இடைக் கடதாசியை இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மாற்றுங்கள். கையால் தொட்டுக் குளிர்ச்சி தெரியாவிட்டால் காய்ந்துவிட்டது. அதன்பின் இரண்டு தட்டையான பலகைக்கிடையில் பாரம் வைத்து ஒரு வாரம்.

கடல் நீர் பட்டதென்றால் முறை வேறு. உப்பு கடதாசிக்குள் இருந்தால் எத்தனை முறை காய்ந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி இழுக்கும். ஈரமாக இருக்கும்போதே, மூடிய புத்தகத்தை நல்ல தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, அதன்பின் மேலே சொன்னபடி காயவிடுங்கள். இது அச்சு நூலுக்கு. தொட்டு எழுதிய மையால் எழுதிய இடாப்பை நீரில் விடும் முன் ஒரு ஓரத்து எழுத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். நீலம் பஞ்சில் ஏறினால் அமிழ்த்த வேண்டாம்.

ஒரே நாளில் கையாள முடியாத அளவு இருந்தால், ஒவ்வொன்றையும் பொலித்தீன் பையில் இட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் வையுங்கள். பூஞ்சணம் நின்றுவிடும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். இதே முறை பூச்சிக்கும் பலிக்கும். உலர்ந்த நூலைக் காற்றுப் புகாமல் பையில் கட்டி, மறை 18 பாகை செல்சியசுக்குக் கீழே இரண்டு வாரம். எடுத்தபின் 24 மணித்தியாலம் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த கடதாசியில் வேர்வையாக இறங்கிவிடும். மீன் வைத்த பெட்டியைப் பாவிக்க வேண்டாம்.

வேப்பிலையும் வசம்பும் நல்லவை. ஆனால் பக்கங்களுக்கிடையே வைத்தால் கறை விழும். துணியில் முடிந்து றாக்கையில் வையுங்கள். பூச்சி உருண்டை முட்டையைக் கொல்லாது, மூடிய அறையில் இருப்பவருக்குத்தான் கெடுதி. கறையான் சுவர் வழி ஏறும், ஆகவே அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களை உயர்த்தி வையுங்கள். கடற்காற்றில் ஸ்டேப்ளர் கம்பியும் குண்டூசியும் துருவேறி கடதாசியைத் தின்னும். கழற்றிவிட்டு நூலால் கட்டுங்கள். ஒட்டு நாடாவும் லமினேட்டும் எக்காலத்திலும் வேண்டாம். இரண்டையும் திரும்பக் கழற்ற முடியாது.

பழைய கடதாசியை வெளியே எடுத்துப் படமெடுக்கச் சிறந்த காலம் மாசி, பங்குனி. மாரி ஈரம் போயிருக்கும், கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. கச்சான் காற்றில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய பாடநூலைப் புரட்டினால் ஓரம் அப்பளம் போல உதிரும்.

கைத்தொலைபேசியில் எடுத்தால் போதுமா? எடுத்ததை எங்கே கொடுப்பது?
– மாணவி, திருகோணமலை நகர்

போதும். ஏ4 அளவுப் பக்கத்தை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் பிடிக்க ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளி வேண்டும். பன்னிரண்டு மெகாபிக்சல் கமெரா அதைத் தாராளமாகத் தரும். கெடுவது கமெராவால் அல்ல, கை ஆட்டத்தாலும் நிழலாலும். தொலைபேசியைத் தாங்கியில் பூட்டி, பக்கத்துக்கு நேர் மேலே நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி விளக்கு, பிளாஷ் கூடாது. முதற் படத்தில் ஓர் அடிமட்டத்தையும் சேர்த்து எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம், கடைசிப் பக்கத்து அச்சுக் குறி எதையும் விடாதீர்கள். ‘படத்தை அழகாக்கும்’ செயலிகளை அணைத்துவிடுங்கள். மங்கிய பென்சில் எழுத்தை அழுக்கு என்று நினைத்து அவை துடைத்துவிடும். கோவைப் பெயரில் ஆண்டு, ஊர், ஆவணம், பக்க எண் நான்கும் வர வேண்டும்.

இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து இலவசமாக வாசிக்கக் கொடுக்கும் நூலகம் நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை நிற்கும். அதற்குட்பட்ட நூலை எடுத்துப் பாதுகாக்கலாம், ஆனால் பொதுவில் இடுவதற்கு உரியவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மூலப் பிரதியை மட்டும் யாருக்கும் ‘படமெடுத்தாயிற்றே’ என்று வீசிவிடாதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்தவை ஒரே இரவில் போயின. மூலம் ஓரிடத்திலும், படம் வேறு இரண்டு ஊரிலும் இருக்கட்டும்.

பிரெடரிக் கோட்டை கோயிற் கல்லால் கட்டப்பட்டது என்று பாடநூலில் படித்தோம். பாடநூலையே ஆதாரமாகக் காட்டலாமா?
– மாணவர், உப்புவெளி

பாடநூல் ஓர் ஆண்டில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதற்கு ஆதாரம். நிகழ்ந்ததற்கு அல்ல. உங்கள் கேள்விக்கு ஆதாரம் கோட்டை வாசலிலேயே நிற்கிறது. 1624 அளவில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். வாசற் கல்லில் இரட்டைக் கயலும், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் தமிழ் எழுத்தின் சிதைந்த வரிகளும் இன்றும் உண்டு. வெயில் கல்லின் மேல் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். உச்சி வெயிலில் வெட்டெழுத்தின் நிழல் மறைந்து கல் வெறுமையாகவே தோன்றும். சுண்ணாம்பு, மாவு எதையும் எழுத்தில் பூச வேண்டாம். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் படமெடுக்கும் முன் வாசலில் கேளுங்கள்.